சீட்டில் வராத தெரு

சரவணா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பயிற்சிக்குக் கிளம்புகிறாய். வாசலில் அப்பா உன் டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் உன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று, 'எஸ்.ஐ. சார் ஊட்ல இருக்காரா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நேற்றுச் சாப்பிடும்போது நீ கேட்டாய், இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது நீ மட்டும் ஏன் அம்மா வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய் என்று. நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன், சொல். பள்ளிக்கூடத்தில் உன் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால்கூடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, டீச்சர் கூப்பிடுவதற்கு முன் எழுந்து வந்துவிடுவேன். பேசத் தெரியாதவர்களுக்கு எழுதுவது கொஞ்சம் சுலபம். அதனால் எழுதுகிறேன். பெட்டியில் துணிகளுக்கு மேலே வைத்திருப்பேன். அங்கே போய்ப் படி.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆவடி ஆஸ்பத்திரி வராந்தாவில், நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உள்ளே உன் தங்கைக்குக் கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்தாய், சட்டையெல்லாம் வியர்வை. என் முகத்தைப் பார்த்து, "இப்போ சந்தோஷமாம்மா? உன் கணக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் நீயும் கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது, நீ என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாய். ஆனால் அந்தக் கேள்வி நம் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ காக்கி போடப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அது இன்னும் கனமாகிவிட்டது. எனக்காக மட்டும் என்றால் இதை அப்படியே விட்டிருப்பேன். இனிமேல் அந்தக் கேள்வியை உன்னிடம் ஊரில் இருக்கிற அம்மாக்களெல்லாம் கேட்கப் போகிறார்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் கல்யாணம் ஆகி வந்தவள் நான். நீ ஒன்பதாவது படிக்கும்போது நான் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். நீ கணக்குப் போட, நான் சமூகவியல் படிக்க, ஒரே டியூப்லைட்டின் கீழ் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் அம்மா வீட்டிலும் சரி, இந்த வீட்டிலும் சரி, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வாங்கிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் படிப்பு மையத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்த பேராசிரியை கூப்பிட்டு, நம் பக்கத்துக் காவல் நிலையத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடக்கிறது, சில மாதத்துக்கு ஒரு உதவியாளர் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்பாதான், "போய் தான் பாரேன், அவங்க இன்னா உன்ன புடிச்சா உள்ள போடப் போறாங்க?" என்று சிரித்தார்.

அந்த ஆய்வு எதற்கு என்று உனக்கு முழுதாக நான் சொன்னதில்லை. நம் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் ஆனால் பைக்கில் வந்து செயின், போன் பறிப்பது, பஸ்ஸை விட்டு இறங்கி வரும் பெண்களிடம் வம்பு செய்வது எல்லாம் அதிகமாக இருந்த நேரம். போலீஸ் சும்மா இருக்கவில்லை. ஒரு தெருவில் ஏதாவது நடந்தால் உடனே அந்தத் தெரு முனையில் இரும்புத் தடுப்பு கொண்டு வந்து வைப்பார்கள். அல்லது ரோந்து பைக்கை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அந்தத் தெரு அமைதியாகிவிடும். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, தடுப்பு வேலை செய்கிறது என்று சொல்வார். அவர் தென்மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர், கை சுத்தம். அந்தத் தடுப்புகள் மேல் அவருக்கு ஒரு பிள்ளைப் பாசம். கடைக்காரர்களிடம் பேசி விளம்பரம் எழுத வைத்துப் புதிது புதிதாக வாங்கியிருந்தார்.

பேராசிரியை அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தடுப்பு வைக்காமல் விட்டிருந்தாலும் அந்தத் தெரு அமைதியாகியிருக்குமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சிரித்துவிட்டார். இருபது வருஷ சர்வீஸ் என்றார். எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்கே புரிந்தது. புரிந்ததற்குக் காரணம் நீதான்.

உனக்கு மூன்று நாலு வயதில் அடிக்கடி சளி பிடிக்கும். மூக்கு ஒழுகும்போது நாங்கள் கண்டுகொள்ளமாட்டோம். இருமி இருமி முகம் சிவந்து நீ சாப்பாட்டைத் தள்ளும் அன்றைக்குத்தான் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். குமணன்சாவடியில் ஒரு கிளினிக், அங்கே ஒரு சிவப்பு டானிக். வேறு எந்த டாக்டரிடமும் போகமாட்டோம். மறுநாளே நீ எழுந்து ஓடுவாய். அந்த டானிக்கை நான் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் சிபாரிசு செய்தேன். ஒரு வருஷம் ஐப்பசி மழை. பூந்தமல்லி ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை. நீ மோசமாகத்தான் இருந்தாய். வெந்நீரும் கஞ்சியும் கொடுத்துப் படுக்க வைத்தோம். மறுநாள் நீ எழுந்து ஓடினாய். அந்த டாக்டர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. நாங்கள் அவரிடம் போன நாட்களெல்லாம் உன் சளியின் கடைசி மோசமான நாட்கள். அதற்குப் பிறகு எப்படியும் இறங்கத்தான் போகிறது. இன்ஸ்பெக்டர் தடுப்பு வைத்த தெருக்களும் அப்படித்தான், மோசமான மாதத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். இதை நான் கூச்சப்பட்டுக்கொண்டே பேராசிரியையிடம் சொன்னேன். அவர் அதை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். டானிக் கதை கேட்டு இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். கடைசியில், "சரி, பாத்துருவோம்" என்றார்.

அதற்குத்தான் சீட்டு. தெருப் பெயர்களைத் துண்டு துண்டாக எழுதி மடித்து, ஏட்டு முனுசாமியின் டிபன் பாக்ஸைக் கழுவி அதில் போட்டுக் குலுக்கினார்கள். முனுசாமி ஏட்டு நம் ஆவடிக்காரர், வாய் ஓயாது. "இன்னா சார் இது, போலீஸ் ஸ்டேஷனா, ஏலச்சீட்டு கம்பெனியா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தார். முதலில் வந்த தெருக்களுக்குத் தடுப்பு, அடுத்து வந்தவற்றுக்குச் சாயங்காலம் ரோந்து பைக், மீதித் தெருக்கள் எப்போதும்போல, கூடுதலாக எதுவும் கிடையாது. எந்தத் தெருவிலும் யாராவது கூப்பிட்டால் போலீஸ் போகும், அதில் மாற்றம் இல்லை. ஆள் பார்த்து, அந்தஸ்து பார்த்து, புகார் பார்த்து எடுக்கக் கூடாது, அப்படி எடுத்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது என்பதற்காகத்தான் சீட்டு. நம் தெரு மீதியில் விழுந்தது. நான் அந்த அறையில்தான் இருந்தேன். துண்டைப் பிரித்துப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் தங்கை பவி அப்போது பிளஸ் டூ. தினமும் சாயங்காலம் டைப்பிங் வகுப்பு முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, பால் பூத்தைத் தாண்டி அந்தத் தெருவில்தான் நடந்து வருவாள்.

என் வேலை இரண்டு. பஸ் நிறுத்தங்களில் நின்று, இறங்கி வரும் பெண்களிடம் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேட்பது. ஸ்டேஷனுக்கு வரும் புகாரை மட்டும் நம்பினால் போதாது, போகப் பயந்தவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பது பேராசிரியையின் கணக்கு. முதல் நாள் நான் நிறுத்தத்தில் நின்றேனே தவிர ஒருவரிடமும் பேசவில்லை. கீரைக்கட்டோடு இறங்கிய ஓர் அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா? ஆட்டோக்கு துட்டு வோணுமா?" என்று கேட்டார். அவரிடம்தான் முதன்முதலாகப் பேசினேன். இரண்டாவது வேலை, ரோந்து பைக் வரவேண்டிய தெருவுக்கு வருகிறதா, வரக்கூடாத தெருவுக்குப் போகாமல் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வது.

கொஞ்ச நாளில் பைக் நம் தெருவுக்கு வர ஆரம்பித்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டு வாசலில் வேகம் குறைத்து, ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீ உன் நண்பர்களிடம், எங்கம்மா ஸ்டேஷன்ல வேல செய்றாங்கடா என்று சொன்னதை நானே கேட்டேன். எதிர்வீட்டு அக்கா அதுவரை என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் வாசலுக்கு வந்து, பைக்கை இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து அனுப்பச் சொல்ல முடியுமா, மருமகள் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வருகிறாள் என்று கேட்டார். பைக்கை நம் தெருவுக்கு அனுப்பியது இன்ஸ்பெக்டர்தான். நம்மிடம் வேலைக்கு வந்திருக்கிற பெண், வயசுப் பிள்ளை வைத்திருக்கிறாள், அவள் தெருவை வெறுமனே விடுவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. நான் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இதே மாதிரி ஒரு கான்ஸ்டபிளின் அக்கா வீடு, ஸ்டேஷனுக்கு டீ கொண்டு வருகிறவர் வீடு, கோயில் தர்மகர்த்தா வீடு என்று மீதியில் விழுந்த தெருக்களில் பாதிக்கு மேல் ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் பாசமாகப் பைக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் காசு வாங்கவில்லை. எல்லாமே நல்ல மனசு. அதனால்தான் அதைத் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக்காரர்களுக்குப் பந்தியில் ஒரு அப்பளம் கூடுதலாக வைப்பது மாதிரி.

பைக் வந்த தெருவையும் வராத தெருவையும் வைத்துப் பார்த்தால்தான் பைக்கால் பயன் உண்டா என்று தெரியும். எல்லாத் தெருவுக்கும் திருட்டுத்தனமாகப் பைக் போனால் எதை எதனோடு வைத்துப் பார்ப்பது? நான் பேராசிரியையிடம் சொல்லியிருக்கலாம், அவர் பேசியிருப்பார். ஆனால் முதல் பைக் என் வீட்டுக்கு வந்தது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று பட்டது. ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் மேஜை முன்னால் நின்றேன். வாசலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "சார், எங்க தெருவுக்கு வண்டி வர வேண்டாம் சார். யார் தெருவுக்கும் வர வேண்டாம். சீட்டுல வந்த தெருவுக்கு மட்டும் போகட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "ஏம்மா, பொம்பளப் புள்ள வச்சிருக்கீக. யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?" என்று கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன், சரவணா. பக்கத்தில் நின்ற முனுசாமி ஏட்டு, "இன்னா மேடம் நீங்க. ஊர்ல அவனவன் போலீஸு வர்லன்னு கோச்சுக்கிறான். நீங்க வந்ததுக்கு கோச்சுக்கிறீங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் டீக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். நீ அன்று இரவு என்னோடு சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பைக் நின்று அதிக நாள் ஆகவில்லை, பால் பூத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்த பவியின் கையிலிருந்த போனை இரண்டு பேர் வண்டியில் வந்து பிடுங்கினார்கள். அவள் விடவில்லை. விடாததால் வண்டியோடு இழுபட்டுப் போய்க் கீழே விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். போன் போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பைக் வந்துகொண்டிருந்தால் பவி அன்று விழுந்திருக்கமாட்டாளா? நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாது. ஒருவேளை அதே நிமிஷத்தில் பைக் அந்த முனையில் திரும்பியிருக்கலாம், அவர்கள் பயந்து ஓடியிருக்கலாம். ஒருவேளை ஒரு நிமிஷம் முன்னால் போயிருக்கலாம். ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உன் ஒரு நாள் சளியை வைத்து டானிக்கைக் கண்டுபிடிக்க முடியாததுபோல. நிறையத் தெருக்கள், நிறையச் சாயங்காலங்கள் சேர்ந்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். அது தெரிவதற்கு, அந்தத் தெருக்களில் ஒன்று நம் தெருவாகவும் இருந்தாக வேண்டும். நம் தெருவை எடுத்துவிட்டால் இன்னொரு அம்மாவின் தெரு அங்கே நிற்கும். அந்த அம்மாவுக்கு ஸ்டேஷனில் யாரையும் தெரியாது. இதை அன்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும், உள்ளே தங்கை அழுதுகொண்டிருக்கும்போது இது ஒரு பதிலாக உனக்குத் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றவில்லை.

நீ மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன பிறகு நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இது உனக்குத் தெரியாது. பவியைப் படுக்கவைத்திருந்த வார்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே முனுசாமி ஏட்டும் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். இன்ஸ்பெக்டர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதற்காகவே அவரை நான் மறக்கமாட்டேன். நாளையிலிருந்து பைக் வரும், நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். என் உடம்பு முழுக்கச் சரி என்று சொல்லத் துடித்தது. அப்போது பவிதான் படுத்தவாறே பேசினாள்.

"அந்த பைக் வந்தாலும் ஒண்ணு தான், வரலனாலும் ஒண்ணு தான் அங்கிள்."

ஏன் பாப்பா அப்படிச் சொல்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் சொன்னாள்: "பைக் சத்தம் மெயின் ரோட்டுலயே கேட்டுடும். பால் பூத்தாண்ட நிக்கிறவனுங்க ஓரமா போயிடுவானுங்க. பைக் போனதும் திருப்பி வந்து நிப்பானுங்க. நாங்க எல்லாம் பைக் போனப்புறம் தான் வேகமா நடப்போம். ஒரு ஆள் எறங்கி அங்கயே நின்னா தான் அவனுங்களுக்கு பயம்."

முனுசாமி ஏட்டு பழப் பையைக் கீழே வைத்தார். "அப்போ இத்தினி நாளா நாங்க போட்ட டீசலு வேஸ்டா பாப்பா?"

"பைக்குக்கு பெட்ரோலு அங்கிள்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்த வார்டில் நானும் சிரித்தேன். நம்புவாயா, பஸ் நிறுத்தத்தில் நின்று முன்பின் தெரியாத பெண்களிடம் எல்லாம் கேள்வி கேட்டவள், என் வீட்டிலிருந்து தினமும் அந்தத் தெருவில் நடந்து போகிறவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பயப்படுவாளோ என்று நினைத்தேன். அவள் பயத்தோடுதான் நடந்துகொண்டிருந்தாள். நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பவி சொன்னதை அப்படியே உண்மை என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் நீ கவனிக்க வேண்டும். அடிபட்ட பெண் சொல்கிறாள் என்பதற்காக ஊர் முழுக்க அதைச் செய்தால் நாமும் டானிக் கதைக்குத்தான் திரும்புவோம். பேராசிரியை மறுபடியும் டிபன் பாக்ஸைக் கேட்டார். இந்த முறை சீட்டில் வந்த சில தெருக்களில் கான்ஸ்டபிள்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, முனையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எந்தத் தெருவில் எப்போது நிற்பார்கள் என்று முன்கூட்டித் தெரியக் கூடாது. நம் தெரு இந்தத் தடவையும் மீதியில்தான் விழுந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் சார் என்று தலையை ஆட்டினேன். அன்று முதல் பவியை அப்பா நிறுத்தத்துக்குப் போய் அழைத்து வந்தார். எதிர்வீட்டு மருமகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். மீதித் தெருக்களில் இருக்கிற பெண்களிடம் எல்லாம், உங்கள் தெருவில் கூடுதலாக யாரும் வரமாட்டார்கள், சேர்ந்து நடங்கள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். பேராசிரியை அதனால் கணக்குக் கொஞ்சம் கலங்கும் என்றார். கலங்கட்டும் என்றேன். அவரும் சரி என்றுவிட்டார்.

முனுசாமி ஏட்டுக்கு நிற்பது பிடிக்கவில்லை. பைக்கில் நாலு ரவுண்டு அடித்தால் வேலை செய்த மாதிரி இருக்கும், "சும்மா நின்னுகினு இன்னா பண்றது, செலயா நானு?" என்று புலம்பினார். நின்றவரிடம் ஜனங்கள் வந்து பேச ஆரம்பித்தார்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த வீட்டுத் திண்டாட்டம் என்ன, எந்த வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லை என்று எல்லாம் அவர் காதுக்கு வந்தது. சில மாதம் கழித்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, பைக் சுற்றிய தெருவுக்கும் ஒன்றும் செய்யாத தெருவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தடுப்பு வைத்த தெருவும் அப்படியே. ஆள் இறங்கி நின்ற தெருக்களில்தான் பறிப்பு குறைந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் பெண்கள் சொன்னதும் அதையே காட்டியது. அங்கே குறைந்து பக்கத்துத் தெருவில் கூடிவிட்டதா என்று பேராசிரியை தனியாகப் பார்த்தார். அப்படியும் தெரியவில்லை. ஒரு ஊரின் சில மாதம்தானே, இன்னும் வேறு இடங்களிலும் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர் முடித்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அவருடைய தடுப்புகளைப் பற்றித்தான் அதில் முதலில் எழுதியிருந்தது. சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவர் எழுந்து வெளியே போனார். மறுநாள் பார்த்தால், தெருமுனைகளிலிருந்த தடுப்புகளை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷன் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஆசப்பட்டு வாங்குனதுதான்" என்றார். போலீஸ்காரர்களின் வீரத்தைப் பற்றி நிறையப் பேர் உனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், சரவணா. நான் நேரில் பார்த்தது இது ஒன்றுதான்.

அப்புறம் நம் தெரு உள்பட எல்லா முனையிலும் மாற்றி மாற்றி ஆள் நின்றார்கள். பால் பூத்துக்குப் பக்கத்தில் முனுசாமி ஏட்டு நிற்பார். பவி அவரிடம் பெட்ரோல் விலை கேட்டுவிட்டுப் போவாள். ஒரு வருஷத்தில் இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவரும் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் சர்வீஸ் இருந்தது. பின்பக்கத்தில் இத்தனை தடுப்பு சும்மா கிடக்கிறதே என்று எடுத்து மறுபடியும் முனைகளில் வைத்தார். இறங்கி நிற்பது நின்றுபோனது. பைக் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. இங்கே முன்னால் என்ன செய்தீர்கள், அது பலித்ததா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏட்டு சொல்லியிருப்பார், நான் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அந்தத் தடுப்பு பால் பூத் முனையில்தான் இருக்கிறது. அதன்மேல் யாரோ துணி காயப்போடுகிறார்கள்.

போன வாரம் உன் நண்பர்களுக்கு நீ பிரியாணி வாங்கிக் கொடுத்தபோது நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தன் மூஞ்சியப் பாத்தாலே சொல்லிடுவேன்டா, நாலு ரவுண்டு அடிச்சா எவன் வருவான் என்று நீ சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நீ பெருமைக்குச் சொன்னாய், தெரியும். ஆனால் நீ ஓர் இடத்துக்குப் புதிதாகப் போய் நாற்காலியில் உட்காரும்போது, உனக்கு மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் இப்படித்தான் கை தட்டுவார்கள். உன்னிடம் தெரியாது என்ற வார்த்தையை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். அதைச் சொல்லிப் பழகு. முதல் நாள் உன் யோசனையைச் சொல்வதற்கு முன்னால், இங்கே இதுவரை என்ன செய்தீர்கள், அது பலித்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேள். நீ ஒன்றைப் புதிதாகச் செய்தால், அதைச் செய்யாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். உன் யோசனை தோற்றது என்று தெரிந்தால் வேனை அனுப்பி எடுத்துவிடு. கணக்கில் சொல்கிறார்கள் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டும் செய்யாதே, அந்தத் தெருவில் நடந்து போகிறவளிடம் ஒரு வார்த்தை கேள்.

ஒரு நாள் ஓர் அம்மா உன் மேஜை முன்னால் வந்து, என் தெருவுக்கு ஏன் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் என் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்குமா என்று கேட்பாள். அவளிடம் இந்தக் கடிதத்தில் இருக்கிற எதையும் சொல்லாதே. அது அவளுக்கான நேரம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவளோடு போ. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவள் வருவதற்கு முன்னாலேயே உன் வேலையில் செய்துவைத்திருக்க வேண்டும். நீ எப்படி முடிவு செய்தாய் என்று அவள் என்றைக்காவது கேட்டால் மறைக்காமல் காட்டும்படி இருக்க வேண்டும். என்னால் உனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் காட்ட முடிந்தது.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது வாசலில் பேச்சு. அப்பா பெட்டியில் பெயரை எழுதி முடித்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா வந்து நின்று, இனிமே நமக்கு இன்னா கவலை, புள்ள டிபார்ட்மெண்டுல கீறான், ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா ரோந்து வண்டிய நம்ம தெருவாண்ட நிறுத்திட மாட்டாங்களா என்றார். அப்பா தூரிகையைத் துடைத்துக்கொண்டே, ஆமாமா, சரவணன் சொன்னா கேக்காம இருப்பாங்களா என்று சிரித்தார். பவி உள்ளே உன் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"சீட்டுல வந்தா வரட்டும்பா."

அம்மா